குழி, கல்வரப்பு, துளிர்: சாஹேல் தரிசை மீட்டு வறுமையைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, அட்லாண்டிக் கரையிலிருந்து செங்கடல் வரை நீளும் வறண்ட நிலப்பட்டைக்குச் சாஹேல் என்று பெயர். புர்கினா ஃபாசோ, நைஜர், மாலி முதலிய நாடுகள் இதில் அடங்கும். 1968-73லும் மீண்டும் 1983-84லும் இங்கே மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அதன்பின் இந்த நாடுகளின் சிறு விவசாயிகள் கைவிடப்பட்ட தரிசை மீண்டும் விளைநிலமாக்கிய முறைகள், வறுமைக் குறைப்பைப் பற்றிப் பேசுகிற எவரும் கூர்ந்து படிக்க வேண்டியவை. அந்த முறைகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தோற்கின்றன, யாருக்குப் போய்ச் சேராமல் போகின்றன என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சாஹேலில் மழை குறைவு. அதுதானே வறுமைக்குக் காரணம்?

பாதிக் காரணம்தான். இங்கே பயிர் செய்யும் பகுதிகளில் ஆண்டுக்கு 300 முதல் 800 மி.மீ. வரை மழை உண்டு. கம்புக்கும் சோளத்துக்கும் இது போதும். ஆனால் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. மரம் போய், புல் போய், மேல்மண் காற்றிலும் வெள்ளத்திலும் போன பிறகு, மிஞ்சிய தரை பொறுக்குத் தட்டி இறுகிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சில பெருமழைகளாகக் கொட்டும் நீர் அதன்மேல் வழிந்து ஓடிவிடும். மறுநாள் தோண்டிப் பார்த்தால் ஒரு சாண் ஆழத்தில் மண் காய்ந்திருக்கும்.

இதன் விளைவு நேராகச் சமையலறைக்கு வருகிறது. அக்டோபரில் அறுத்த தானியம் மே, ஜூனில் தீர்ந்துவிடுகிறது. அடுத்த அறுவடைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். இந்தப் பஞ்ச மாதங்களில் குடும்பம் கடனுக்குத் தானியம் வாங்கும், ஆட்டை விற்கும், அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகும். தன் வயலில் களை எடுக்க வேண்டிய வாரத்தில் அடுத்தவர் வயலில் நிற்பதால் தன் விளைச்சல் இன்னும் விழும். ஒரு குடும்பம் வறுமையிலிருந்து மேலேறுகிறதா என்பதற்கு நல்ல அளவுகோல், அதன் குதிரில் தானியம் எந்த மாதம் வரை இருக்கிறது என்பதுதான். உலக வங்கி 2025 ஜூனில் நாளுக்கு 3 டாலர் என்று மாற்றியமைத்த வறுமைக்கோடு நாடுகளை ஒப்பிட உதவும். ஊரில் வேலை செய்பவருக்கு இந்த மாதக் கணக்கே பயன்படும்.

ஸாய் குழி என்றால் என்ன? யார் கண்டுபிடித்தது?

இறுகிய தரிசில் வரிசையாக வெட்டும் சிறு குழி. அதற்குள் எருவிட்டு, மழை வந்ததும் அங்கேயே விதைப்பார்கள். புர்கினா ஃபாசோவின் வடக்கே யாத்தெங்கா மாகாணத்தில் இது பழைய வழக்கம்தான். ஆனால் முன்பு குழிகள் சிறியவை, எருவும் பெரிதாக இல்லை. கூர்கா ஊர் விவசாயி யாகூபா சவடோகோ, 1980 வாக்கில் குழியை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, கோடையிலேயே வெட்டி எரு நிரப்பினார். விளைச்சல் வந்தது. எருவிலிருந்த விதைகள் முளைத்து மரக்கன்றுகளும் வந்தன. அவற்றை அவர் பிடுங்காமல் விட, ஒரு காடே உருவானது. ஆண்டுதோறும் சந்தை கூட்டி, பல ஊர் விவசாயிகள் விதையும் அனுபவமும் பரிமாறிக்கொள்ள வழி செய்தார். 2018இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றார். 2023 டிசம்பரில் காலமானார்.

ஒரு ஹெக்டேருக்கு எப்படி வெட்டுவது? அளவுகளைச் சொல்லுங்கள்.

மழை நின்ற நவம்பரிலிருந்து மே வரை வெட்டலாம். முன்கூட்டி வெட்டிய குழியில், வறண்ட காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்று கொண்டுவரும் தூசியும் சருகும் சேரும். அது இலவச உரம்.

குழியின் குறுக்களவு 20 முதல் 40 செ.மீ., ஆழம் 10 முதல் 20 செ.மீ. மழை குறைந்த இடத்தில் குழி பெரிதாக இருக்கட்டும். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 60 முதல் 100 செ.மீ. இடைவெளி. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடியுங்கள். இரண்டாம் வரிசைக் குழி, மேல் வரிசையின் இரு குழிகளுக்கு இடையே வருமாறு மாற்றிப் போடுங்கள். மேலே தப்பிய நீர் கீழே சிக்கும். தோண்டிய மண்ணை எல்லாப் பக்கமும் இறைக்கக் கூடாது. பள்ளப் பக்கத்தில் மட்டும் பிறைபோல் குவிக்க வேண்டும். மேட்டுப் பக்கம் திறந்திருந்தால்தான் நீர் உள்ளே வரும்.

80 செ.மீ. இடைவெளி என்றால் ஹெக்டேருக்குச் சுமார் 15,600 குழி. 30 செ.மீ. அகலமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள குழியில் ஏறக்குறைய 10 லிட்டர் நிற்கும். எல்லாக் குழிகளும் சேர்ந்து 1,50,000 லிட்டருக்கு மேல், அதாவது 15 மி.மீ. மழை ஓடிப்போகாமல் அப்படியே நின்றதற்குச் சமம். அது இறங்கியதும் அடுத்த மழைக்குக் குழி தயார்.

குழிக்கு 300 கிராம், அதாவது நன்றாக மக்கிய எரு இரண்டு கை போடுங்கள். மேலே கொஞ்சம் மண் தூவி மூடுங்கள். இல்லையென்றால் காற்று அள்ளிவிடும். முதல் நல்ல மழை இறங்கியதும் ஒரு குழிக்கு ஏழெட்டு விதை. முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் நல்ல நாற்று இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் களையுங்கள். சோளமோ கம்போ முதன்மைப் பயிர். இடையே தட்டைப்பயறு வைப்பது வழக்கம்.

வேலைக்கணக்கு: கையால் வெட்ட ஹெக்டேருக்கு ஏறக்குறைய 300 மணி நேரம். ஒருவர் நாளுக்கு 4 மணி நேரம் வெட்டினால் இடையில் ஓய்வு நாள் உட்பட மூன்று மாதம். எரு சுமந்து நிரப்ப இன்னொரு 150 மணி நேரம் தனி. திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கை விட்டுவிடுகின்றன.

மாடு வைத்திருப்பவர் கூரிய இரும்புக் கொழுவால் நீளவாக்கிலும் குறுக்கிலும் கீறி, கோடுகள் வெட்டும் இடங்களில் மட்டும் குழி எடுக்கலாம். வேலை 50 மணி நேர அளவுக்குக் குறையும். ஆனால் கோடையில் அந்த மாடு கீறும் பலத்தோடு இருக்க, அதற்குத் தீவனம் சேமித்திருக்க வேண்டும்.

எரு கிடைக்கவில்லை. குழி மட்டும் வெட்டினால் போதாதா?

போதாது. இந்த நிலத்தில் மேல்மண் ஏற்கெனவே போய்விட்டது. குழி வெட்டும்போது நீங்கள் திறப்பது அடிமண். அதில் தண்ணீர் நிற்கும், சத்து இருக்காது. எருவில்லாத குழியில் பயிர் முளைத்து ஒரு முழம் எழுந்து மஞ்சளாகி நிற்பதைத்தான் பார்க்க முடியும். உழைப்பு அத்தனையும் வீண்.

மக்காத சாணம் போடுவது இரண்டாவது தவறு. மழை தாமதித்தால் சூட்டில் வேர் கருகும். மக்காத வைக்கோல் கலந்திருந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஆடு மாடு தின்ற களை விதைகளும் உயிரோடு வயலுக்கு வரும்.

15,600 குழிக்குத் தேவை சுமார் 4.7 டன். கழுதை வண்டியில் நடைக்கு 200 கிலோ ஏற்றினாலும் 23, 24 நடை. இரண்டு ஆடு வைத்திருக்கும் குடும்பத்தால் இத்தனை எரு சேர்க்க முடியாது. எனவே கையிருப்பு எருவை எடைபோட்டு, அதற்கேற்ற பரப்பில் மட்டும் குழி வெட்டச் சொல்லுங்கள். ஒரு டன் எருவுக்கு 3,300 குழி; ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஹெக்டேர். சிறிய பரப்பு நன்றாக விளைந்தால் அதன் தட்டை தீவனமாகும், தீவனம் எருவாகும், அடுத்த ஆண்டு பரப்பு தானே விரியும்.

புலானி மேய்ப்பர்களின் மந்தையை அறுவடைக்குப்பின் வயலில் தங்கவைப்பது இன்னொரு வழி. நம் ஊரில் கீதாரிகள் கிடை போடுவார்களே, அதே ஏற்பாடு. தானியமோ தண்ணீரோ கொடுத்து மந்தையை நிறுத்துவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. மீட்ட தரிசு என்பது பெரும்பாலும் மேய்ப்பர்கள் மந்தை ஓட்டிவந்த பாதை. எல்லாத் தரிசையும் வயலாக்கினால் மந்தைக்கு வழியில்லாமல் போகும். எருவும் போகும், சண்டையும் வரும். குழி வெட்டும் முன் மந்தைப் பாதையைக் கல் நட்டுப் பிரித்து வையுங்கள்.

கரையான் பயிரைத் தின்றுவிடாதா?

எருவைத் தேடித்தான் கரையான் வருகிறது. வரட்டும். அது குடையும் வளைகள் வழியாகத்தான் நீர் இறுகிய மண்ணுக்குள் இறங்குகிறது. குழியில் மக்கும் பொருள் இருக்கும்வரை கரையான் அதையே நாடும்.

விளைச்சல் எவ்வளவு கிடைக்கும்?

ஒன்றுமே விளையாத நிலத்தில், மழை குறைந்த ஆண்டில் ஹெக்டேருக்கு 300-400 கிலோ, நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரை தானியம். நல்ல நிலத்தில் ஏற்கெனவே பயிர் செய்பவருக்கு விளைச்சல் இந்த வேகத்தில் உயராது. மறு ஆண்டு அதே குழியில் மண் அள்ளி எருவிட்டு விதைக்கலாம். அல்லது இரு குழிகளுக்கு நடுவே புதிதாக வெட்டலாம். இரண்டாவது வழியில் சில ஆண்டுகளில் வயல் முழுவதும் பொறுக்கு உடைந்துவிடும்.

நைஜரின் தஹுவா பகுதியில் இல்லேலா வட்டாரத்திலிருந்து 1989இல் 13 விவசாயிகள் யாத்தெங்காவுக்குப் போய்ப் பார்த்துவந்தார்கள். அந்த ஆண்டு 4 ஹெக்டேரில் வெட்டினார்கள். மறு ஆண்டு 70 ஹெக்டேர். 1990இல் மழை குறைந்தபோது குழி வெட்டிய வயல்களே கண்டுமுதல் கொடுத்தன. அதன்பின் யாரும் யாருக்கும் எடுத்துச்சொல்லத் தேவைப்படவில்லை. சீண்டுவாரற்றுக் கிடந்த தரிசுக்கு விலை ஏறியது. இளைஞர்கள் குழி வெட்டும் கூலிக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். கோடையில் வெளியூர் போகும் தேவை சிலருக்குக் குறைந்தது.

எந்த நிலத்தில் இதைச் செய்யவே கூடாது?

மணல் நிலத்தில் குழி ஒரே மழையில் தூர்ந்துவிடும். தாழ்ந்த களிமண் நிலத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடத்திலும் இதே தொல்லை. வயலுக்கு மேலே பெரிய சரிவு இருந்தால், அங்கிருந்து வரும் வெள்ளம் குழி வரிசையையே அரித்து ஓடையாக்கிவிடும். அத்தகைய இடத்தில் முதலில் கல்வரப்பு, பிறகுதான் குழி. தோல்வியடைந்த வயல்களில் இந்த வரிசை மாறியிருப்பதை அடிக்கடி காணலாம்.

கல்வரப்பு எப்படிப் போடுவது?

யாத்தெங்காவில் 1979இல் ஆக்ஸ்ஃபாம் என்ற உதவி அமைப்பு ஒரு மரம் வளர்ப்புத் திட்டத்தோடு வந்தது. விவசாயிகளுக்கு மரத்தைவிடச் சோறு முக்கியமாக இருந்தது. தங்கள் பாட்டன் காலத்துக் கல் வரிசையை மேம்படுத்தித் தரச் சொன்னார்கள். திட்டமும் அதற்கேற்ப மாறியது. பழைய வரிசைகளின் குறை, அவை சமமட்டத்தில் இல்லாதது. தாழ்ந்த ஓரிடத்தில் நீர் குவிந்து உடைத்துக்கொண்டு போனது.

தீர்வு மிக மலிவானது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூப், 10 முதல் 20 மீட்டர். இரு முனைகளையும் அளவு குறித்த இரு கம்புகளில் கட்டி, தண்ணீர் நிரப்பி, குமிழி போகும்வரை தட்ட வேண்டும். குமிழி இருந்தால் அளவு பொய்யாகும். ஒருவர் நிற்க, இன்னொருவர் நகர்ந்து, இரண்டு கம்பிலும் நீர்மட்டம் ஒரே குறியில் வரும் இடத்தில் கல் வைக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் கற்றுக்கொள்கிறார்.

கோடு குறித்ததும் 5 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குக் கீறி, பெரிய கல்லை அதில் பதித்து, மேட்டுப் பக்கம் சிறு கல்லால் இடைவெளிகளை அடைக்க வேண்டும். உயரம் 20-30 செ.மீ. போதும். இரு வரப்புகளுக்கு இடையே 15 முதல் 30 மீட்டர். சரிவு கூடினால் இடைவெளி குறையும். கல்வரப்பின் சிறப்பு அது நீரை முற்றாகத் தடுப்பதில்லை என்பதே. வேகம் குறைந்து நீர் கசிந்து கடக்கும். வண்டலும் சருகும் சாணமும் மேட்டுப் பக்கம் தங்கும். அங்கே தானாகப் புல் முளைக்கும்.

கல் கிடைக்கும் தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கல் அருகில் இல்லாத ஊரில் லாரி இல்லாமல் இந்த வேலை நடக்காது. உதவி அமைப்பின் பணம் உண்மையில் தேவைப்படும் இடம் இந்த லாரி வாடகைதான்.

பிறைப் பாத்தி எப்போது?

புல்கூட இல்லாத பொட்டல் மேய்ச்சல் நிலத்துக்கு. 4 மீட்டர் குறுக்களவில் அரைவட்டமாக 15-25 செ.மீ. ஆழம் தோண்டி, மண்ணைப் பள்ளப் பக்கம் கரையாகப் போடுவார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 313. பயிர் வைப்பதென்றால் ஒவ்வொன்றுக்கும் 35 கிலோ எரு, மொத்தம் 11 டன். அவ்வளவு எரு கிடைக்காவிட்டால் புல்லும் மரமும் வளர்க்கப் பயன்படுத்துங்கள்.

மரம் நடாமலே மரம் வளர்க்கலாம் என்கிறார்களே, எப்படி?

வெட்டப்பட்ட மரங்களின் வேர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. நைஜரின் மராடி பகுதியில் வயலில் புதர்போல் தெரிந்தவை உண்மையில் அந்த வேர்களின் துளிர்கள். உழவுக்கு முன் ஆண்டுதோறும் அவற்றை அரிந்து எறிந்துவந்தார்கள். அங்கே நாற்று நட்டு நட்டுத் தோற்ற ஆஸ்திரேலிய வேளாண்மையாளர் டோனி ரினாடோ, 1983 வாக்கில் இதைக் கண்டு, துளிர்களைக் காப்பாற்றும்படி விவசாயிகளிடம் பேசத் தொடங்கினார்.

செய்முறை இதுதான். வயலைச் சுற்றிவந்து எந்தெந்தத் தூரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். ஹெக்டேருக்கு 40 என்று தொடங்கலாம், பலர் 100க்கு மேலும் விடுகிறார்கள். ஒரு தூரில் நேராக, உயரமாக உள்ள மூன்று முதல் ஐந்து தண்டுகளை விட்டு மற்றதை வெட்டுங்கள். விட்ட தண்டுகளில் பாதி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். கூரிய கத்தியால் கீழிருந்து மேல்நோக்கி வெட்ட வேண்டும். மழுங்கிய கோடரியால் அடித்தால் பட்டை கிழிந்து பூச்சி நுழையும். வெட்டிய தழையை அங்கேயே மூடாக்காகப் பரப்புங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுத் துளிரை நீக்குங்கள். ஓராண்டுக்குப்பின் ஆண்டுக்கொரு தண்டை விறகுக்கு எடுத்து, அதனிடத்தில் புதுத் துளிர் ஒன்றை வளரவிடலாம். பணச்செலவு ஏறக்குறைய இல்லை.

இந்த மரங்களில் மிகவும் வேண்டப்படுவது கருவேலத்தின் உறவான ‘ஃபைடெர்பியா அல்பிடா’. மழைக்காலத்தில் இலை உதிர்த்து, கோடையில் தழைக்கும். பயிர் நிற்கும்போது நிழல் இல்லை. கோடையில் ஆடு மாட்டுக்கு நிழலும் நெற்றும் உண்டு. மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும்.

நைஜரின் தென்பகுதியில் ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் இப்படித் திரும்பியதை ஆய்வாளர்கள் கிறிஸ் ரெய்ஜும் கிரே டாப்பனும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் நேரில் பார்த்தும் மதிப்பிட்டார்கள்.

இவ்வளவு எளிது என்றால் முன்பே ஏன் செய்யவில்லை?

மரம் விவசாயியுடையதாக இல்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலத்துச் சட்டத்தின் வழியே மரங்கள் அரசின் சொத்தாக இருந்தன. தன் வயலில் தான் வளர்த்த மரத்தின் கிளையை வெட்டினாலும் அபராதம். எனவே முளையிலேயே கிள்ளிவிடுவது விவசாயிக்குப் பாதுகாப்பாக இருந்தது. 1980களின் நடுவில் நைஜரில் வனத்துறைக் கெடுபிடி தளர்ந்த பிறகே துளிர் காப்பது பரவியது. வயலில் வளர்க்கும் துளிர் மரங்களுக்கென்றே 2020இல் நைஜர் அரசு ஆணையும் பிறப்பித்தது. எங்கே மரம் வளர்ப்புத் திட்டம் தோற்கிறதோ அங்கே நாற்றின் தரத்தைப் பார்க்கும் முன் மரத்தை வெட்டும் உரிமை யாரிடம் என்று பாருங்கள்.

ஆப்பிரிக்காவின் பசுமைப் பெருஞ்சுவர் திட்டமும் இதுவும் ஒன்றா?

ஆப்பிரிக்க ஒன்றியம் 2007இல் தொடங்கியது அந்தத் திட்டம். முதலில் 8,000 கி.மீ. நீள மர வரிசையாக எண்ணப்பட்டது. ஊரிலிருந்து தொலைவில் நட்ட கன்றுக்குக் கோடையில் நீர் ஊற்ற ஆளில்லை, ஆட்டிலிருந்து காக்க வேலியில்லை. பின்னர் 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது என்று இலக்கு மாறியது. குழியும் கல்வரப்பும் துளிர் காத்தலும் அதில் சேர்ந்தன. இந்த மாற்றம் சரியானது.

விளைச்சல் கூடினால் வறுமை தானாகக் குறையும் அல்லவா?

பசி குறையும். வறுமை குறைய இன்னும் ஒரு படி வேண்டும். அறுவடை முடிந்த அக்டோபர், நவம்பரில் எல்லாரும் கடன் அடைக்கத் தானியத்தை விற்பதால் விலை விழும். அதே குடும்பம் ஜூன், ஜூலையில் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கும்.

நைஜரில் இதற்குத் தானிய அடமானக் கடன் உதவியது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து மூட்டைகளைப் பொதுக் கிடங்கில் வைக்கிறார்கள். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி குழுவிடம், ஒன்று கடன் தரும் நிறுவனத்திடம். மூட்டையின் மதிப்பில் ஒரு பகுதி கடனாகக் கிடைக்கும். அதைக் கொண்டு கோடைக் காய்கறியோ பக்ரீத்துக்கு ஆடு கொழுக்கவைப்பதோ செய்வார்கள். விலை ஏறியதும் கடனைக் கட்டி மூட்டையை எடுக்கிறார்கள்.

இது தோற்பதும் உண்டு. கடன் டிசம்பருக்குப் பதில் பிப்ரவரியில் வந்தால் விவசாயி ஏற்கெனவே விற்றிருப்பார். அரசு மலிவுத் தானியத்தைச் சந்தையில் இறக்கும் ஆண்டில் விலை ஏறாது. தட்டைப்பயறை வண்டு துளைத்தால் அடமானமே மாவாகிவிடும். பயறுக்கு மூன்றடுக்குப் பை வேண்டும்: வெளியே நெய்த சாக்கு, உள்ளே கனமான இரண்டு பாலித்தீன் பைகள். நன்கு காய்ந்த பயறை நிரப்பி, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, ஒவ்வொரு பையையும் தனித்தனியே முறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளே உயிர்வளி தீர்ந்ததும் வண்டு தின்பதை நிறுத்தும். நிரப்பும் முன் உட்பையை ஊதிப் பார்த்து ஓட்டை இருந்தால் ஒதுக்குங்கள். அடிக்கடி அவிழ்த்துப் பார்த்தால் பூச்சி மீண்டும் உயிர்பெறும்.

மிக ஏழைக் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் இது போய்ச் சேர்கிறதா?

தானாகச் சேர்வதில்லை. குழிக்கு ஆள் வேண்டும், எருவுக்கு ஆடு மாடு வேண்டும், சுமக்க வண்டி வேண்டும். மூன்றும் இல்லாத விதவைக்கும் முதியவருக்கும் பயிற்சி வகுப்பு மட்டும் கொடுப்பது அவர்களை ஏமாற்றுவதாகும். அவர்களுக்குத் தேவை குழி வெட்டும் கூலி, இரண்டு மூன்று ஆடு, ஊருக்குப் பொதுவாக ஒரு கழுதை வண்டி.

நில உரிமை அடுத்தது. பெண்ணுக்குக் கணவர் வீட்டார் கொடுப்பது பெரும்பாலும் விளையாத நிலம். அவர் அதை மீட்டதும் திரும்பக் கேட்பார்கள். இரவல் நிலத்தில் மரம் வளர்த்தால் உரிமை கொண்டாடுகிறார் என்று சண்டை வரும். ஆகவே முதல் குழிக்கு முன், ஊர்த் தலைவரும் நிலத்துக்குப் பொறுப்பான குடும்பத்து மூத்தவரும் சாட்சிகளும் இருக்க, எத்தனை ஆண்டு, மரம் யாருடையது என்று எழுதிக்கொள்ள வேண்டும். நைஜரின் 1993 ஊரக நிலச் சட்டத்தின்கீழ் அமைந்த நிலக் குழுக்கள் இதைப் பதிவு செய்யும் இடம்.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டும் நைஜரில் உண்டு. ஹைதராபாத் அருகே தலைமையகம் கொண்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனம், அங்கே பெண் குழுக்களுக்குப் பொட்டல் நிலத்தைக் கூட்டு உரிமையில் பெற்று, பிறைப் பாத்தியில் ஒட்டு இலந்தையும், குழிகளில் வெண்டையும், முருங்கையும் வளர்க்கும் முறையை உருவாக்கியது. முருங்கைக்கீரை நைஜரில் அன்றாட உணவு. அங்கே பரவிய வகைகளில் ஒன்று நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1.

கூலி கொடுத்து அரசே செய்துவிட்டால் என்ன?

யாத்தெங்காவில் 1962-65இல் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். இயந்திரங்களைக் கொண்டு 1,20,000 ஹெக்டேரில் மண் வரப்பு போட்டார்கள். விவசாயிகளை யாரும் கேட்கவில்லை. தங்கள் வயலுக்கு வரும் நீரைத் தடுத்த வரப்பை அவர்களே உடைத்தார்கள். மிஞ்சியது பராமரிப்பின்றி அரித்துப்போனது.

பொது மேய்ச்சல் நிலத்தில் பிறைப் பாத்தி வெட்டக் கூலி கொடுப்பது சரி. அதன் பலன் யாருக்கும் தனியே போகாது. ஆளில்லாத குடும்பத்துக்குக் கூலி கொடுப்பதும் சரி. ஆளுள்ள விவசாயிக்குத் தன் வயலில் குழி வெட்டக் கூலி கொடுத்தால், எருவில்லாத வெறும் குழிகள் எண்ணிக்கைக்காக வெட்டப்படும். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போகிறவர் எருவை எடைபோடுவதில்லை.

ரசாயன உரம் போடலாமா?

எருவோடு சேர்த்து, மிகச் சிறிதாக. விதைக் குழிக்கு 15-15-15 கலப்புரம் 6 கிராம், ஒரு சோடா மூடி அளவு, அல்லது டி.ஏ.பி. 2 கிராம். ஹெக்டேருக்கு 10,000 குழி என்றால் முறையே 60 கிலோ, 20 கிலோ. விதையைத் தொடாமல் சற்றுத் தள்ளி வையுங்கள். ஈரம் இல்லாத நாளில் போட்டால் காசும் பயிரும் போகும்.

இப்போது அங்கே நிலைமை என்ன?

கவலைக்குரியது. மாலியில் 2012இலும், பின்னர் புர்கினா ஃபாசோவிலும் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் தொடங்கியது. புர்கினா ஃபாசோவில் மட்டும் 2023க்குள் 20 லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டு வெளியேறினார்கள். யாத்தெங்காவும் தப்பவில்லை. மீட்ட நிலம் சில இடங்களில் மீண்டும் ஆளின்றிக் கிடக்கிறது. வாஹிகுயா போன்ற நகரங்களுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு நிலமே இல்லை. அவர்களுக்கு நகருக்கு அருகே குத்தகை நிலம் பேசி வாங்குவதும் காய்கறிப் பாத்தியும்தான் இப்போதைக்கு வழி.

தமிழ்நாட்டு மானாவாரி நிலத்தில் செய்து பார்க்கலாமா?

இறுகிய செம்மண் நிலத்தில், மழை மறைவுப் பகுதிகளில் பார்க்கலாம். தூத்துக்குடி, விருதுநகர்க் கரிசலில் வேண்டாம். கரிசல் ஈரத்தைத் தானே பிடித்துவைக்கும், குழியில் நீர் தேங்கும். நம் வடகிழக்குப் பருவமழை ஓரிரு நாளில் கொட்டித் தீர்ப்பதால் கடைசி வரிசைக்குக் கீழே நீர் வழிய ஒரு போக்கு விடுங்கள்.

முதல் ஆண்டு கால் ஏக்கர் போதும். 80 செ.மீ. இடைவெளியில் சுமார் 1,560 குழி, எரு 470 கிலோ, வெட்ட 30 மணி நேரம். கம்பு அல்லது சோளம், இடையே தட்டைப்பயறு. பக்கத்திலேயே அதே பரப்பில், அதே அளவு எருவை இறைத்து வழக்கம்போல் உழுது விதையுங்கள். எரு இல்லாத நிலத்தோடு ஒப்பிட்டால் கூடிய விளைச்சல் குழியால் வந்ததா எருவால் வந்ததா என்று தெரியாது. அறுத்ததும் இரண்டையும் தனித்தனியே எடைபோட்டு, குழி வெட்டிய கூலியைக் கழித்துப் பாருங்கள். நம் ஊர்க் கூலிக்கு முதல் ஆண்டில் கணக்கு நேராகாமல் போகலாம். அதே குழியில் மறு ஆண்டும் விதைத்து, வெட்டுக்கூலி இல்லாத அந்த விளைச்சலையும் சேர்த்தே முடிவெடுங்கள்.